கொக்கியில் ஒட்டிய கரி

“சுப்பாத்தா, சோறு ஆறுதுன்னு சொல்லு.”

அதைக் கேட்க வேண்டிய மனிதர் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். வீட்டின் பின்வாசலுக்கும் பட்டறைக்கும் நடுவே இருந்த குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, சோறு ஆறுதுங்களாமா.”

“எனக்குக் காது இருக்குது சுப்பாத்தா.”

“அவருக்குக் காது இருக்குதுங்களாமா அம்மா.”

“இருந்தா வரச் சொல்லு.”

பட்டறை கூட்டி வீட்டுவேலையும் பார்க்கும் சுப்பாத்தாள், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முனகினாள். “நடுவால நான் ஒருத்தி. தபால்காரனுக்காச்சும் சைக்கிள் உண்டு.”

ஆவணி மாதத்திலிருந்து சீனிவாசலுவுக்கும் ராமாமணிக்கும் இடையே பேச்சு இப்படித்தான் நடந்தது. அதற்கு முன்னால் அவர்களுக்கு மகன் யஷ்வந்த் இருந்தான். ஆவணியில் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். “காய்ச்சலோட இருக்கறவனக் காங்கேயத்துக்கு அனுப்பாதீங்க” என்று ராமாமணி சொன்னாள். “மில்லுக்காரங்க இன்னைக்குத்தான் வரச் சொல்லீருக்காங்க, போனதும் வந்துரப் போறான்” என்று சீனிவாசலு சொன்னார். திரும்பி வரும்போது பல்லடம் ரோட்டில் ஒரு லாரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ராமாமணி கணவரைப் பார்த்து, “அனுப்புனது நீங்கதான்” என்றாள். அதுதான் அவள் அவரிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை.

சிங்காநல்லூரில் ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் வீடும் பின்னால் பட்டறையும். ஸ்பின்னிங் மில்லுக்கு ரிங் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. நூல் முறுக்கும்போது அந்த இரும்பு வளையத்தின் விளிம்பில் நகத்தளவு கொக்கி ஒன்று விழுந்தடித்து ஓடும். உரசி உரசிச் சூடேறிக் கொக்கியும் தேயும், வளையமும் தேயும். தேய்வதால்தான் சீனிவாசலுவுக்குப் பிழைப்பு. இது தெரிந்தும், படிப்பு முடித்து வந்த மகன் தேயாமலிருக்க ஒரு வழி சொன்னபோது அவர் தடுக்கவில்லை.

“கரி பூசலாமுங்க நைனா.”

“கரியவா? அடுப்புக் கரியவா?”

“வைரமும் கரிதானுங்களே. இது ரெண்டுக்கும் நடுவால ஒண்ணு.”

“எத்தனை கனம் பூசுவே?”

“உங்க தலைமுடி ஒண்ண எடுத்து நெட்டுவாக்குல அம்பதாக் கிழிச்சா, அதுல ஒண்ணு.”

“என் தலையில முடி எங்கடா இருக்குது.”

“அம்மா தலையில எடுத்துக்கலாமுங்க.”

பூசுவதற்கு உக்கடத்து நிஜாம் உதவினான். யஷ்வந்தோடு படித்தவன், ஒரு என்ஜினீயரிங் காலேஜ் லேபில் வேலையில் இருந்தான். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு டிரம்முக்குள் ரிங்கை வைத்து, ஏதோ கேஸ் விட்டு, கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் வெளிச்சம் வரும். பூசியதெல்லாம் பாம்புச் சட்டைபோல உரிந்து வந்தது. கடைசியாக ஒரு தடவை மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தடவை பூசிய ரிங்குகளில் மற்றவற்றை அறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை யஷ்வந்த் பட்டறையின் மூலை அறையில் ஒரு சின்ன மெஷினில் மாட்டினான். ரிங் சுற்றும். ஒரு இரும்புக் கை, கொக்கியை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும். எவ்வளவு உரசுகிறது என்று பக்கத்திலிருக்கும் பேனா, நகரும் காகிதத்தில் கோடு போடும்.

முதலில் கோடு மேலும் கீழுமாகக் குதித்தது. ஒருநாள் காலையில் யஷ்வந்த் பட்டறையிலிருந்து ஓடி வந்தான்.

“உளுந்துருச்சுங்க நைனா.”

“என்னடா உளுந்துச்சு?”

“கோடு. அடியில போய்ப் படுத்துக்கிச்சு. தீபாவளி வரைக்கும் இது ஏறாம ஓடுச்சுன்னா நாம ஜெயிச்சமுங்க. அம்மா, வந்து பாருங்க.”

“கல்லுல தோசை கெடக்குது கண்ணு. அப்பறமா வாரேன்” என்றாள் ராமாமணி.

அந்த வாரமே அவன் போய்விட்டான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் நிஜாம் வந்தான். சீனிவாசலு அவனை மூலை அறைக்குக் கூட்டிப்போனார்.

“இதை நான் ஓட்டலாமுங்களா தம்பி? கெட்டுப்போகாதே?”

“ஓட்டுங்கப்பா. அவன் சொன்ன நாள் வரைக்கும் ஓடட்டும்.”

“கரண்ட் போச்சுன்னா?”

“போனா நிக்கும், வந்தா ஓடும். அதுனால ஒண்ணுமில்லீங்க. ஆனா துணி மட்டும் பட வேண்டாம். அந்தக் கொக்கியில பாருங்க, கருப்பா ஒட்டியிருக்குதில்லீங்களா?”

“அழுக்கு.”

“அழுக்கில்லீங்கப்பா, அதுதான் உசுரு. ரிங்குல பூசுன கரி கொஞ்சூண்டு பொடியாகிக் கொக்கியில போய் ஒட்டிக்கும். அப்பறம் கரியும் கரியுந்தான் உரசிக்கும். இரும்பும் இரும்பும் மூஞ்சி பாத்துக்கவே பாக்காது. கோடு உளுந்ததே அதுனாலதானுங்க. அதைத் தொடைச்சுட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இந்த ரிங்குல இருக்கறது அத்தனைக்குத் தாங்காதுங்க.”

சீனிவாசலு அன்றைக்கே அந்த அறைக்குப் பூட்டு வாங்கினார். சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. காலையில் போய்க் கோட்டைப் பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் பார்ப்பார். வேறு வேலை எதிலும் அவருக்கு மனம் ஓடவில்லை. தீபாவளி வரை அந்தக் கோடு ஏறக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளை சொன்னதில் அது ஒன்றாவது நடக்க வேண்டும்.

மெஷின் சத்தம் ராமாமணிக்குச் சமையற்கட்டில் கேட்கும். சன்னமாக, வண்டு மாதிரி. கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் அவளும் கரண்டியை வைத்துவிட்டு நிற்பாள். ஆனால் பட்டறைப் பக்கம் போகவில்லை.

“உள்ள வெச்சு என்னத்தப் பூட்டறாரு?” என்று ஒருநாள் சுப்பாத்தாளைக் கேட்டாள்.

“தெரியலீங்கம்மா. ஆரையும் கிட்டச் சேத்தறதில்ல. கூட்டக்கூட உடறதில்லீங்க.”

“பெத்தது நானு. பூட்டிக்கறது அவரு.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆயுத பூசை அந்தத் தடவை தள்ளி, ஐப்பசியில்தான் வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருசம் பண்டிகை கிடையாது. ஆனால் பட்டறை ஆட்கள் வந்து தலையைச் சொறிந்தார்கள்.

“ஊட்டுக்குத்தானுங்க தீட்டு. மெசினுக்கு என்னங்க தீட்டு. லேத்துக்குப் பொட்டு வெக்காம உட்டா, அடுத்த வருசம் எவன் விரலக் கேக்குமோன்னு இருக்குதுங்க.”

“நீங்களே பண்ணிக்குங்க. பொரி கடலை வாங்கித் தாரேன்” என்றார் சீனிவாசலு.

“ஒண்ணுங்க. எல்லா மெசினும் அன்னைக்கு நிக்கோணும். சின்னவரு மெசினும்.”

அவர் யோசித்தார். நிற்பதால் ஒன்றுமில்லை என்று நிஜாம் சொல்லியிருந்தான். ஓடுகிற மெஷினை வைத்துக்கொண்டு யாரும் பூசை போடுவதில்லை. பூசையன்று பட்டறையில் ஒரு அறையும் பூட்டிக் கிடக்கக்கூடாது. பூசை நாள் காலையில் அவரே ஸ்விட்சை அணைத்தார், கதவைத் திறந்து வைத்தார்.

“சுப்பாத்தா, நான் உக்கடம் போய் நிஜாமுக்குப் பொரி குடுத்து, அவனையும் கூட்டிட்டு வாரேன். எல்லாத்தையும் தொடைங்க, பொட்டு வெய்யுங்க. இந்த ரூமுக்குள்ள மட்டும் ஆரும் போகக்கூடாது. எதையும் தொடக்கூடாது.”

“அம்மா வந்தாங்கன்னா?”

“அவ எங்க வரப்போறா” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறப் போனார்.

சத்தம் நின்றது ராமாமணிக்குக் கேட்டது. கரண்ட் இருந்தது, மெஷின் சத்தம் மட்டும் இல்லை. அவள் பின்வாசல் வரை வந்தாள்.

“என்னடி, நின்னு போச்சு?”

“இன்னைக்கு ஓய்வுங்கம்மா. எல்லா மெசினும் மினுமினுன்னு இருக்குது. சின்னவரு மெசினுதான் பாவம், கரி புடிச்சு அனாதையாட்டம் கெடக்குது. ஒரு பொட்டு வெக்க ஆளில்ல.”

ராமாமணி செருப்புப் போடாமலேயே முற்றத்தின் சேற்றைத் தாண்டினாள். சுப்பாத்தாள் பின்னாலேயே ஓடினாள்.

“அம்மா, தொடக்கூடாதுன்னு ஐயா சொல்லீட்டுப் போனாருங்க.”

“ஆரு தொடக்கூடாதுன்னாரு?”

“ஆரும்.”

“பெத்தவ தொடக்கூடாதுன்னு சொன்னாரா?”

“அப்படிச் சொல்லலீங்க.”

“அப்பறம் என்ன. மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துட்டு வா.”

சீனிவாசலுவும் நிஜாமும் வந்தபோது பட்டறையில் சாம்பிராணி வாசனை. ராமாமணி மூலை அறை வாசலில் நின்றிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. நெற்றியில் வியர்வை. அவள் சுப்பாத்தாளைத் தேடவில்லை, நேராக அவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, வந்து பாருங்க.”

சீனிவாசலுவின் கையிலிருந்த பை நழுவியது. நிஜாம் பிடித்துக்கொண்டான்.

“எப்படிக் கெடந்துச்சு, இப்ப எப்படி ஆயிருச்சுன்னு பாருங்க. மண்ணெண்ணெய்ல பாதிதான் போச்சு. அந்தக் கொக்கியில இருந்த கருப்பு உடவே மாட்டேன்னுச்சு. சாம்பலப் போட்டுத் தேங்கா நாருல தேச்சேன்.”

ரிங் கண்ணாடிபோல இருந்தது. அதன் நடு நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். இரும்புக் கையின் நுனியில் ஒரு செவ்வந்திப் பூ.

நிஜாம் வாயைத் திறந்தான். சீனிவாசலு அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

“நல்லா இருக்குது ராமாமணி.”

“சின்னதுல பட்டறைக்குள்ள போய்க் கரியப் பூசிட்டு வருவானுங்களே, அப்பவும் இப்படித்தான். தேச்சா உடாது. கத்துவான்.”

“ஆமா. கத்துவான்.”

“நிஜாமு, சாப்பிட்டுப் போ கண்ணு. சுண்டல் இருக்குது.”

“சரிங்கம்மா” என்றான் நிஜாம்.

மறுநாள் காலையில் நிஜாம் மறுபடி வந்தான். ரிங்கையும் கொக்கியையும் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து சீனிவாசலுவைப் பார்த்தான். அவர் ஸ்விட்சைப் போட்டார். பேனா விறுவிறுவென்று காகிதத்தின் உச்சிக்கு ஏறி, அதற்குமேல் போக இடமில்லாமல் கம்பியில் முட்டித் துடித்தது. இரும்பு கிறீச்சிட்டது. சூடான வாசனை வந்தது. நிஜாம் பாய்ந்து அணைத்தான்.

விளிம்பில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது.

“இன்னொண்ணு பூச முடியாதுங்களா தம்பி?”

“அவன் போனப்பறம் பூசிப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். உரிஞ்சு வந்துருது. கேஸை எங்க கூட்டோணும் எங்க கொறைக்கோணும்னு அவன் அந்த வெளிச்சத்தப் பாத்தே சொல்லுவானுங்க. எனக்கு அது தெரியலீங்கப்பா.”

“அவகிட்டச் சொல்லாதே.”

“அம்மா கேட்டாங்கன்னா?”

“இப்பத்தான் அவ என்கூடப் பேசியிருக்கறா” என்றார் சீனிவாசலு.

நிஜாம் போனபின் அவர் இரும்புக் கையின் திருகைத் தளர்த்தினார். ஒரு காகிதம் நுழைகிற அளவுக்குக் கையைத் தூக்கி இறுக்கினார். கொக்கி இப்போது எதையும் தொடவில்லை. ஸ்விட்சைப் போட்டார். ரிங் வெறுமனே சுற்றியது. அதே வண்டுச் சத்தம். பேனா அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, முன்னைவிட நேராக.

சமையற்கட்டு ஜன்னலிலிருந்து ராமாமணி கேட்டாள். “ஓடுதுங்களா?”

“ஓடுது.”

“கோடு ஏறலையே?”

“ஏறல.”

அதற்குப்பின் அந்த அறையில் பூட்டு இல்லை. தினம் காலையில் ராமாமணி ஒரு செவ்வந்திப் பூவும் துணியுமாக வந்தாள். மெஷினை ஓடவிட்டபடியே மேடையைத் துடைத்தாள், மோட்டாரைத் துடைத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். குளம் நிரம்பியதைப் பற்றி, முருங்கை ஒடிந்ததைப் பற்றி. பிறகு அவனைப் பற்றி.

“அவனுக்கு அவரைக்கா புடிக்காதுங்க. உங்க தட்டுல தள்ளி உட்டுருவான்.”

“தெரியும். எனக்கும் புடிக்காது.”

“அப்பறம் எதுக்குத் தின்னீங்க?”

“நீ பாத்துட்டு இருந்தியே.”

சுப்பாத்தாள் வாசலில் நின்று விளக்குமாற்றைத் தட்டினாள். “என் தபாலாபீசை மூடீட்டாங்க” என்று லேத்துக்காரரிடம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சீனிவாசலுவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. மனைவி பேசப்பேச அவர் மெலிந்துகொண்டு வந்தார். அவள் போனதும் அந்தக் கோட்டைப் பார்ப்பார். ஏறவே ஏறாத கோடு. காகிதம் தீர்ந்தால் புதுக் காகிதம் போடுவார்.

தீபாவளியன்று விடியுமுன்பே தெருவில் வெடி கேட்டது. சீனிவாசலு வீட்டில் எண்ணெய் இல்லை, புதுத்துணி இல்லை. சாவு வீடு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகாரத்தைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ராமாமணி பூ எடுக்காமல் வெறுங்கையோடு பட்டறைக்கு வந்தாள்.

“அவன் சொன்ன நாள் வந்துருச்சுங்க. நிறுத்துங்க.”

“ஜெயிச்சுட்டான் ராமாமணி.”

“நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார். ரிங் தானாகச் சுற்றிச் சுற்றி வெகுநேரம் கழித்து நின்றது. அவள் குனிந்து இரும்புக் கைக்கும் ரிங்குக்கும் நடுவே பார்த்தாள்.

“இது தொடறதில்லீங்களே.”

அவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார்.

“பூசை முடிஞ்சு முதல்நாள் பூ வெக்கறப்பவே பாத்தனுங்க. நடுவால வெளிச்சம் தெரிஞ்சுது. அப்பறம் கரியும் புடிக்கல. ஓடற மெசினு கரி புடிக்காம இருக்குமுங்களா?”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க நிறுத்திப் போடுவீங்க. அப்பறம் இங்க உக்காந்து எதைப் பேசறது?”

வெளியே யாரோ சரவெடி பற்றவைத்தார்கள். அது முடிந்ததும் அவள் கேட்டாள்.

“நான் தொடைச்சதுனாலதானுங்களா?”

“ராமாமணி.”

“சொல்லுங்க.”

“காங்கேயத்துக்கு அனுப்புனது நான்தான்” என்றார் சீனிவாசலு.

“நான் அதைக் கேக்கலீங்க.”

“உங்கிட்ட நான் சொல்லியிருக்கோணும். அந்தக் கருப்பத் தொடைக்கக் கூடாதுன்னு நிஜாம் எங்கிட்டத்தான் சொன்னான். அவன் பூசுன கரிதான் பொடியாகி அங்க ஒட்டியிருந்துச்சு. அது இருந்த வரைக்கும் இரும்பு தேயல.”

அவள் ரிங்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தார். விளிம்பில் விழுந்திருந்த தடத்தில் நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். நகம் மாட்டி மாட்டி நின்றது.

“இதுல இனி அவன் பூசுனது இல்லீங்களா?”

“உரசற எடத்துல இல்ல.”

“கொக்கியில?”

“இல்ல.”

“அப்ப அந்தத் துணியிலதான இருக்கோணும்” என்றாள் ராமாமணி. ரிங்கை மடியில் போட்டுக்கொண்டு பட்டறை மூலைக்குப் போனாள். வேஸ்ட் பஞ்சும் கந்தலும் போடுகிற தகர டின்னைக் கவிழ்த்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லாம் எண்ணெய் பிடித்த கந்தல்.

“என்னங்கம்மா தேடறீங்க?” என்று கேட்டுக்கொண்டே சுப்பாத்தாள் வந்தாள்.

“ஆயுத பூசை அன்னைக்கு இந்த மெசினத் தொடைச்ச துணி. நீலத்துல கரை போட்டது. தேங்கா நாரும் இருந்துச்சே.”

“அதுங்களா?” சுப்பாத்தாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “மழைல வெறகெல்லாம் ஈரமாக் கெடந்துச்சுங்க. அன்னைக்குப் பொழுதோட வெந்நி அடுப்புப் பத்தவே மாட்டேன்னுது. மண்ணெண்ணெய்த் துணியாச்சேன்னு அதையும் நாரையும் வெச்சுத்தான் பத்த வெச்சேன். குப்புன்னு புடிச்சுதுங்க. ஏனுங்கம்மா, வேணுமுங்களா அது?”

ராமாமணி கையிலிருந்த கந்தலைக் கீழே போட்டாள். சுப்பாத்தாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனாள்.

ராமாமணி கந்தல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சீனிவாசலு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மெஷின் சத்தம் இல்லாத பட்டறையில் ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“அன்னைக்கு அந்த வெந்நியில நீங்க குளிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“குளிச்சேன்.”

“நானுந்தானுங்க” என்றாள்.